ஆசிரியருக்கு யார் பாடம் எடுத்தது?

1975 அக்டோபர் மாதம். பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் பள்ளிக்கூடக் கதவுகள் திறந்தே இருந்தன. பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. வெளியே, கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையைக் கொண்டு பத்தடி அகலத்தில் செய்த ஆண்டெனா ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோளிலிருந்து பாடம் இறங்கிக்கொண்டிருந்தது. அது நாசாவுக்குச் சொந்தம். இந்தியா ஓராண்டுக்கு இரவல் வாங்கியிருந்தது.

‘சைட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சோதனை முயற்சி 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. சுமார் 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊர்மக்களுக்கு என்று நிகழ்ச்சிகள் ஓடின. அதற்குள் ஒரு தனி வேலையும் நடந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிப்பதில் 12 நாள் பயிற்சி. ஒரே சமயத்தில் 24,000 பேர் வரை. இரண்டு சுற்றுகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 50,000 பேர். 

இதைத் திட்டமிட்டவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: தொலைக்காட்சி பேசும், கேட்காது. ஆகவே ஒளிபரப்போடு வானொலி நிகழ்ச்சி, அச்சிட்ட கையேடு, கையால் செய்துபார்க்கும் சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு மையத்திலும் முன்கூட்டியே பயிற்சி பெற்ற ஒருவரை உட்கார வைத்தார்கள். திரை அணைந்தபின் எழும் கேள்விகளுக்கு அவர்தான் பொறுப்பு. சோதனையை எல்லோரும் செய்துபார்க்கிறார்களா என்று கவனிப்பதும் அவர் வேலை.

ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பிப் போய்விட்டது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியிருந்தது. சைட் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. ஆனாலும் அந்த 12 நாட்களில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளைத்தான் அடுத்த 50 ஆண்டுகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாடும் அதற்கு விலக்கில்லை. எட்டாத ஊரில் இருக்கும் ஆசிரியரை ஒரே நேரத்தில் எட்டுவது எப்படி என்பது முதல் கேள்வி. எட்டிய பிறகு அந்த ஆசிரியர் திரும்பிப் பேசினால் கேட்க ஆள் உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் காலத்துக்கொரு கருவி பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு அங்கங்கேதான் பதில் கிடைத்தது.

சைதாப்பேட்டையும் கோத்தாரியும்

ஆசிரியர் வேலைக்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இங்கே அரசாணையாக வந்தது 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு. 1856இல் சென்னையில் அரசு ‘நார்மல் ஸ்கூல்’ தொடங்கியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் அங்கே கிடைத்தது வேலைக்கு முந்தைய பயிற்சி. ஒருமுறை படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால், அதே கரும்பலகை, அதே பாடக்குறிப்பு ஓய்வு பெறும்வரை போதும் என்பதுதான் நடைமுறை.

இதை உரக்கக் கேள்வி கேட்டது 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழு. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாத காலமாவது பணியிடைப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லதுதான். ஆனால் லட்சக்கணக்கான ஆசிரியர்களை இரண்டு மாதம் எங்கே உட்கார வைப்பது? அவர்களுடைய வகுப்புகளை யார் பார்ப்பது? ஓராசிரியர் பள்ளி என்றால் ஆசிரியர் கிளம்பிய அன்றே பள்ளியை மூட வேண்டியதுதான். தொலைவிலிருந்தே பயிற்சி கொடுக்கும் ஆசை இந்தக் கணக்கு உதைத்த இடத்தில்தான் பிறந்தது. அஞ்சல்வழிப் படிப்பு, கோடை முகாம், வானொலி என்று ஒவ்வொன்றாகத் தேடியவர்கள் கடைசியில் செயற்கைக்கோளில் வந்து நின்றார்கள்.

செயற்கைக்கோள் போன பிறகு வேறு வழி பிடித்தார்கள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பள்ளி ஆசிரியர்களுக்கான மாபெரும் புத்தொளிப் பயிற்சி 1990 வரை கோடைதோறும் நடந்தது. தூர்தர்ஷனையும் துணைக்கு வைத்துக்கொண்டு சுமார் 17.6 லட்சம் ஆசிரியர்களை அது தொட்டது. அதே கொள்கையின் விளைவாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. ஆசிரியர்கள் பேச்சில் அது ‘டயட்’. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் இன்னும் கீழே இறங்கி வட்டார வள மையம், அதற்கும் கீழே குறுவள மையம் என்று வலையைப் பின்னியது. ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்பது அதன் அளவுகோல்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் அடுக்குமுறை உண்டு. மாநில அளவில் சிலர் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் முதன்மைக் கருத்தாளர்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் குறுவள மையத்துக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குறுவள மையத்துக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தேநீரும் மிக்சரும் வந்தபின் உட்காரும் ஆசிரியருக்கு, நான்கு வாய் மாறி வந்த செய்தி கிடைக்கும். மேலே மூன்று நாள் பேசப்பட்டது கீழே வரும்போது ஒரு நாளாகச் சுருங்கியிருக்கும். “இது ஏன் இப்படி?” என்று கேட்டால் கருத்தாளருக்கே தெரியாது, அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்த முறைக்குச் சென்னையில் ஒரு மூதாதை உண்டு என்பது பலர் மறந்த செய்தி. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் பெரிய பையன்களையே சின்னப் பையன்களுக்குச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளைக்கு அது புதிய வேலை இல்லை. 1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக்க, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. நேற்றுக் கற்றவர் இன்று கற்பிப்பது என்ற அதன் சாரம்தான் இரண்டு நூற்றாண்டுக்குப் பின் கருத்தாளர் அடுக்காக வந்து நின்றது. ஒரு வித்தியாசம்: எழும்பூரில் சட்டாம்பிள்ளையும் மாணவனும் ஒரே அறையில் நாள்தோறும் இருந்தார்கள். கருத்தாளர் மாலை ஐந்து மணிக்குப் பேருந்து பிடித்துப் போய்விடுவார்.

கணினி வந்தது, ஆசிரியர் காத்திருந்தார்

1984இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தது. பிரிட்டனில் வடிவமைத்த பிபிசி மைக்ரோ இயந்திரங்கள் அவை. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஓரிரு ஆசிரியர்களை அழைத்துச் சில வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். கணினி பழுதானாலோ, பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனாலோ அந்த அறைக்குப் பூட்டுதான். பெட்டி வாங்கப் பணம் ஒதுக்குவது எளிது. பெட்டியைக் கையாளும் ஆசிரியரோடு ஐந்தாண்டு கூட நடப்பது கடினம். அந்தப் பாடத்தை அன்று யாரும் எழுதி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1996இல் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வேறொரு சோதனை நடந்தது. ஸ்டுடியோவில் நிபுணர், மாவட்ட மையங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். படம் ஒரு திசையில் வரும், குரல் இரு திசையிலும் போகும். ஆசிரியர் தொலைபேசியை எடுத்துச் சந்தேகம் கேட்கலாம். நிபுணர் நேரலையில் பதில் சொல்லலாம். சைட் காலத்தில் மையத்துக்கொரு ஆளை வைத்துச் சமாளித்த குறையை, இருபதாண்டு கழித்துத் தொலைபேசிக் கம்பியால் தீர்க்கப் பார்த்தார்கள். ஆனால் பல மையங்கள், ஒரே ஸ்டுடியோ. எத்தனை பேருக்குத்தான் முறை வரும்?

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் கிளம்பியது. கல்விக்காகவே இந்தியா ஏவிய முதல் செயற்கைக்கோள். 1975இல் இரவல் வாங்கிய நாடு, தன் சொந்தக் கோளில் ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியது. டயட்டுகளின் கூரைகளில் ஆண்டெனாக்கள் முளைத்தன. 2010இல் எஜுசாட் ஓய்ந்தது. அதற்குள் அகலப்பட்டை இணையம் பள்ளிகளை நெருங்கிவிட்டது. வானத்தை அண்ணாந்து பார்க்கும் தேவை குறைந்தது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் விசித்திரமான ஒரு நிலை. 2011இல் தொடங்கிய திட்டத்தில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. மாணவர் மடியில் கணினி வந்துவிட்டது. அதை வைத்து இயற்பியலோ வரலாறோ நடத்துவது எப்படி என்று ஆசிரியருக்குச் சொல்லும் பயிற்சி அதற்கு ஈடான வேகத்தில் வரவில்லை.

அடுத்த வீட்டுக் கேரளம்

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறுமாதிரி போனது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பள்ளி ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். வெளியிலிருந்து நிறுவனங்கள் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கு அங்கே இடம் குறைவு.

முதலில் பாடத்திட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருந்தது. ஆசிரியர் சங்கம் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. சில ஆண்டுகளில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. லினக்ஸை அடிப்படையாக வைத்துப் பள்ளிக்கென்றே ஒரு தொகுப்பு உருவானது. இந்த மாற்றத்தின் பக்கவிளைவுதான் முக்கியமானது. கட்டற்ற மென்பொருளைக் கணினியில் நிறுவ, பழுது பார்க்க, மலையாளத்தில் தட்டச்சு செய்ய ஆசிரியர்களே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றார்கள். கணித ஆசிரியர் ஒருவர் செய்த பயிற்சித் தாள் குறுந்தட்டில் ஏறி அடுத்த பள்ளிக்குப் போனது.

2005 ஜூலையில் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் எஜுசாட் வலையமைப்பைத் தொடங்கி வைத்தார். ‘விக்டர்ஸ்’ அலைவரிசை அதிலிருந்து வளர்ந்தது. 2009இல் ‘ஸ்கூல்விக்கி’ வந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் வரலாற்றையும் ஊர்ச் செய்திகளையும் தானே எழுதிச் சேர்க்கும் தளம். 2017இல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. அடுத்து 45,000 வகுப்பறைகளில் கணினியும் புரொஜெக்டரும் பொருத்தும் வேலை நடந்தது. 2020 ஜூன் 1 அன்று பெருந்தொற்றுக்கு நடுவே விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது, அந்த மாநிலத்துக்கு இருபதாண்டுப் பழக்கம் கைகொடுத்தது.

மணல்தொட்டியில் ஓர் ஆசிரியர்

தமிழ்நாட்டிலும் ஆசிரியரைத் தயாரிப்பாளராக நடத்திய காலங்கள் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாட அட்டைகளைத் தாங்களே கூடி உட்கார்ந்து எழுதினார்கள். 2007இல் அது மாநிலம் முழுக்க விரிந்தபோது, அட்டைகள் அச்சாகிப் பெட்டியில் வந்து இறங்கின. எழுதிய ஆசிரியருக்கும் பெட்டியைப் பிரித்த ஆசிரியருக்கும் அட்டைமேல் இருந்த உரிமை ஒன்றாக இருக்க வழியில்லை.

இணையம் சார்ந்து நடந்த முயற்சிகளில் குறிப்பிட வேண்டியது 2017இல் வந்தது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் தமிழ் விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்களும் கைகோத்து, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வழியாக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய ஆண்டும் அதுவே.

அந்தப் பயிற்சியில் ஆசிரியர் செய்யும் வேலையைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். முதலில் ஒரு பயனர் பெயர் எடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு ‘மணல்தொட்டி’ என்ற பக்கம். அங்கே எழுதிப் பழகலாம், அழிக்கலாம், எதுவும் கெட்டுவிடாது. தமிழ்த் தட்டச்சு தெரியாதவர்களுக்கு அரை நாள் அதிலேயே போய்விடும். அடுத்து ஒரு தலைப்பு: தம் ஊரின் ஏரி, பாடத்தில் வரும் ஒரு வேதிச் சேர்மம், ஒரு பறவை. இரண்டு பத்தி எழுதிச் சேமித்த சில நிமிடங்களில், முகம் தெரியாத யாரோ எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பார். “இதற்குச் சான்று வேண்டும்” என்று ஒரு குறிப்பு வந்திருக்கும். பாடநூலிலிருந்து அப்படியே எடுத்திருந்தால் பதிப்புரிமையைக் காரணம் காட்டி நீக்கியும் இருப்பார்கள். சில ஆசிரியர்களுக்குக் கோபம் வந்திருக்கும். பணியிடைப் பயிற்சியில் இதுவரை யாரும் அவர்களுடைய விடைத்தாளைத் திருத்தியதில்லையே! உரையாடல் பக்கத்தில் போய் வாதாடலாம். வாதாடி வென்றவர்களும் உண்டு, சான்று தேடி நூலகம் போனவர்களும் உண்டு. இருபது நாள் குறுவள மையத்தில் கிடைக்காத ஒன்று இங்கே அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும்: எழுதியதற்கு எதிர்வினை.

அடுத்த ஆண்டே பெரிய மாற்றம். எம். அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் உருவான புதிய பாடத்திட்டம் 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்தது. பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே தம் மாணவர்களுக்காகப் பாடநூலில் ஒட்டத் தொடங்கியது இந்தக் கட்டம் கட்டமான சதுரம்தான். அதற்காகவும் சேர்த்து 2020இல் உலக ஆசிரியர் விருதாக அவருக்குப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஒரு கிராமத்து ஆசிரியரின் யோசனை மாநிலங்களின் பாடநூல் வரை போனது, மேலிருந்து கீழே வரும் வழக்கமான பாதைக்கு நேர் எதிரான பயணம்.

தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலைப் புரட்டினால் இயலின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கும். படி 1: உரலியைத் தட்டுங்கள் அல்லது குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். ஜியோஜீப்ரா தாள் ஒன்று திறக்கும். படி 2: நகர்த்தியை இழுங்கள், முக்கோணத்தின் கோணம் மாறும், கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்கும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளை ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கினார். இலவசமாகக் கிடைப்பதால் உலகெங்கும் கணித ஆசிரியர்களின் கையில் புழங்குகிறது. தமிழ்ப் பாடநூலில் இந்தத் தாள்களைச் செய்து சேர்த்தவர்கள் யார்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பட்டியல் இருக்கிறது: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அரசு உயர்நிலைப் பள்ளி என்று பள்ளிப் பெயரோடு ஆசிரியர்களின் பெயர்கள். மாணவர்களும் பெற்றோரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. படிக்க வேண்டிய பக்கம்.

ஒரே தளத்தில் எல்லோரும்

2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு ‘தீக்‌ஷா’ தளத்தைத் தொடங்கி வைத்தார். இன்று அதைப் பாடநூல் க்யூஆர் கோடு திறக்கும் செயலியாகவே பலருக்குத் தெரியும். ஆனால் பிறந்தபோது அது ஆசிரியர்களுக்கான தேசியத் தளம். எக்ஸ்டெப் அறக்கட்டளையின் ‘சன்பேர்ட்’ என்ற திறந்தமூல மென்பொருள்மேல் அது கட்டப்பட்டது. மாநிலங்கள் தத்தம் மொழியில் தத்தம் பாடங்களை அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

2019 ஆகஸ்ட் 21 அன்று நடுவண் அரசு ‘நிஷ்தா’வைத் தொடங்கியது. இலக்கு 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியர்கள். முதலில் நேரடிப் பயிற்சி, அதே பழைய கருத்தாளர் அடுக்கு. ஐந்து நாள் முகாமில் ஆசிரியர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும் எல்லாம் நின்றது. அக்டோபரில் நிஷ்தா தீக்‌ஷாவுக்குள் குடியேறியது: 18 படிப்புகள், தமிழ் உட்படப் பல மொழிகளில். 2021இல் உயர்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு பதிப்பு, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் ஒரு பதிப்பு.

45 ஆண்டுக்கு முன் 24,000 பேரை ஒரே நேரத்தில் எட்டியதே சாதனை. இப்போது லட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் ஒரே படிப்பில். எட்டும் கேள்வி முடிந்துபோனது. அடுக்கில் செய்தி சிதைகிறது என்ற பழைய குறையும் தீர்ந்தது. சென்னையிலும் கொல்லிமலையிலும் அதே காணொலி, அதே சொற்கள்.

புதிய குறை வேறு இடத்தில் முளைத்தது. படிப்பின் அமைப்பு இப்படி: காணொலி, வாசிக்க ஒரு பகுதி, நடுவே ஒரு செயல்பாடு, முடிவில் கொள்குறி வினாக்கள். 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். மாவட்டவாரியாக யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்ற பட்டியல் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு வரும்; அங்கிருந்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். “நாளைக்குள் முடிக்கவும்” என்ற செய்தியின் கீழேயே, சற்று நேரத்தில் விடைகளின் பட்டியலும் வந்து விழும். யூடியூபில் வினாவிடை காணொலிகள் ஆயிரக்கணக்கில் பார்க்கப்பட்டன. கற்றல் கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றியும் அந்தப் பதினெட்டில் ஒரு படிப்பு இருந்தது. காணொலியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் வித்தையை அங்கேயும் சிலர் பயன்படுத்தினார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வுக்குக் கோனார் உரை தேடும் மாணவருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? கேள்வி கேட்கும் முறை அப்படி.

அதே 2020இல் இன்னொன்றும் நடந்தது. வகுப்பைக் கைபேசியில் நடத்த வேண்டிய கட்டாயம் வந்தபோது, யாரும் ஆணை போடாமலே ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். கைபேசியை நாற்காலியில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு நோட்டில் எழுதுவதைப் படம்பிடிப்பது, கூகுள் ஃபார்மில் தேர்வு வைப்பது, மாணவர் குரலை வாட்ஸ்அப்பில் வாங்கி வாசிப்பைத் திருத்துவது என்று எல்லாமே ஆசிரியருக்கு ஆசிரியர் கைமாறியவை. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் தோன்றிப் பாடம் எடுத்தவர்களிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஏராளம். சான்றிதழ் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆனாலும் பழகிய வித்தை கையில் நின்றது, மறுநாள் காலை வகுப்பில் அது தேவைப்பட்டது என்பதால்.

கருவிக்குக் குறைவில்லை

இன்று தமிழ்நாட்டில் கருவிப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஆசிரியர்களின் இணையவழிப் பயிற்சிகளும் பல நேரம் அங்கேதான் நடக்கின்றன. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கையடக்கக் கணினிகள் ஒதுக்கப்பட்டன. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தன் மதிப்பீடுகளையும் செயலியிலேயே வைத்துக்கொண்டது. ‘மணற்கேணி’ செயலியில் பாடக் காணொலிகள் கிடைக்கின்றன.

ஆனால் ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால் பேச்சு இந்தக் காணொலிகளைப் பற்றி இருக்காது. ‘எமிஸ்’ என்ற தகவல் பதிவுத் தளத்தைப் பற்றித்தான் இருக்கும். வருகை, சீருடை, சைக்கிள், உடல்நலக் குறிப்பு, தேர்வு மதிப்பெண் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இந்தப் பதிவு வேலையைக் குறைக்கச் சொல்லிப் பலமுறை கோரிக்கை வைத்திருக்கின்றன. பாடம் நடத்த என்று கைக்கு வந்த கருவி, கணக்குக் கொடுக்கும் கருவியாகிவிடும்போது, அதே திரையில் வரும் பயிற்சியும் இன்னொரு கணக்காகவே ஆசிரியர் மனத்தில் பதிகிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளில் தமிழ்நாட்டுக்குச் சச்சரவுகள் உண்டு. பயிற்சி தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மணிக்கணக்கை நிரப்புவது எளிது. எந்தச் செயலியும் அதைச் செய்துவிடும். கடந்த 50 ஆண்டுப் பதிவேடு சொல்வது வேறு: சைட் மையத்தில் உடனிருந்து கேள்விக்குப் பதில் சொன்னவர், கேரளத்தில் பக்கத்துப் பள்ளிக்குப் போய் மென்பொருள் நிறுவிக் கொடுத்த ஆசிரியர், விக்கிப்பீடியாவில் சான்று கேட்ட முகம் தெரியாத ஆள், பாடநூலுக்கு ஜியோஜீப்ரா தாள் செய்த ஊராட்சிப் பள்ளி ஆசிரியர் ஆகியோர் இருந்த இடங்களில் பயிற்சி வகுப்பறை வரை போனது. அவர்கள் இல்லாத இடங்களில் சான்றிதழோடு நின்றுவிட்டது.

ஆகவே அடுத்த ஆண்டுப் பயிற்சி அட்டவணையைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது மணியில் பாதியையாவது ஆசிரியர்களிடமே விடுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஒரு பாடத்துக்கான இணையச் செயல்பாட்டைத் தாங்களே செய்து, பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர் நால்வரிடம் காட்டி, திருத்தம் வாங்கி, வகுப்பில் நடத்திப் பார்த்து, நடந்ததை எழுதட்டும். கொள்குறி வினாக்களை எடுத்துவிட்டு அந்தக் குறிப்பையே பயிற்சி முடித்ததற்கான சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.